அமானத்: ஒரு கஜகப் பெயரும் நம் ஊர் அனாமத்துக் கணக்கும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் மழைநீர் சேகரிப்பு பற்றிப் பேசினார்கள். அதற்கு முந்தைய கூட்டத்தில் சர்க்கரை நோய். இந்த முறை என்னை அழைத்த செயலாளர், "சார், உங்களுக்குப் பிடித்த எதையாவது பேசுங்கள், ஆனால் வங்கி வட்டி விகிதம் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அதனால் ஒரு பெயரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரே ஒரு பெயர். அதுவும் கஜகஸ்தான் நாட்டுப் பெயர்.

ஏன் கஜகஸ்தான் என்று கேட்பீர்கள். நம் பகுதிப் பிள்ளைகள் அங்கே அல்மாட்டி நகரத்தில் மருத்துவம் படிக்கிறார்கள். விடுமுறைக்கு வந்த ஒரு தம்பியிடம், உன்னுடன் படிக்கும் உள்ளூர்ப் பையன்களின் பெயர்களைச் சொல் பார்ப்போம் என்றேன். செரிக், மராத், தவுலெத், கைரத், அமானத் என்று அடுக்கினான். கடைசிப் பெயரைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அது தெரிந்த சொல். ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பையன்களின் பெயர்களுக்குப் பொருள் பார்ப்போம். கஜகர்கள் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அகன்ற புல்வெளியில் குதிரையும் ஆடும் மேய்த்து, கூடாரத்தில் வாழ்ந்தவர்கள். ஆனால் அவர்கள் பெயர்களில் பெரும் பகுதி அரபியிலிருந்து வந்தது. மராத் என்பது முராத், அதாவது விருப்பம். செரிக் என்பது ஷரீக், கூட்டாளி. கைரத் என்பது ஊக்கம். தவுலெத் என்றால் செல்வம். நம் பெரியவர்கள் வசதியான ஆளைப் பார்த்து தவுலத்தான ஆள் என்பார்களே, அதே சொல்தான்.

அரபுச் சொல் அங்கே எப்படிப் போனது? கி.பி. 751 ல் தலாஸ் நதிக்கரையில் அரபுப் படைகளும் சீனப் படைகளும் மோதின. அந்த நதி இன்றைய கஜகஸ்தான், கிர்கிஸ்தான் இரண்டிலும் ஓடுகிறது. அதற்குப் பிறகு 10 ஆம் நூற்றாண்டில் காராகானிய அரச மரபு இஸ்லாத்தை ஏற்றது. 12 ஆம் நூற்றாண்டில் கோஜா அகமது யசாவி என்ற சூஃபி ஞானி துருக்கிய மொழியிலேயே மக்களுக்கு உபதேசம் செய்தார். அவருக்கு தைமூர் மன்னர் துர்கிஸ்தான் நகரில் எழுப்பிய நினைவிடம் இன்றும் நிற்கிறது. யுனெஸ்கோ 2003 ல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இப்படி நூற்றாண்டுக் கணக்கில், ஓதுபவர் மூலமும் வணிகர் மூலமும் பாரசீக மொழி வழியாகவும் அரபுப் பெயர்கள் புல்வெளிக்குப் போய்ச் சேர்ந்தன.

போன பெயர்கள் அப்படியே இருக்கவில்லை. கஜக நாக்குக்கு ஏற்றபடி மாறின. ஹசன் அங்கே அசன் ஆனார். ஃபாத்திமா என்பவர் பாத்திமா ஆனார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரிலும் அசன், பாத்திமா என்றுதானே அழைக்கிறோம்! பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு மொழிகள், ஒன்றையொன்று பார்க்காமலே, ஒரே பெயரை ஒரே மாதிரி மாற்றியிருக்கின்றன.

இப்போது அமானத்துக்கு வருகிறேன்.

அரபு மொழியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துகளை வேராகக் கொண்டவை. நம் சொல்லின் வேர் அலிஃப், மீம், நூன். பாதுகாப்பாக இருப்பது, நம்புவது என்பது அதன் அடிப்படைப் பொருள். அந்த ஒரே வேரிலிருந்து ஒரு குடும்பமே வருகிறது. அமான் என்றால் பாதுகாப்பு. ஈமான் என்றால் நம்பிக்கை. அமீன் என்றால் நம்பத்தகுந்தவர். நபிகள் நாயகத்தை அவர் நபியாவதற்கு முன்பே மெக்கா மக்கள் அல் அமீன் என்று அழைத்ததாக வரலாறு சொல்கிறது. வணிகத்தில் அவரது நேர்மைக்கும், பிறர் பொருளைக் காத்துத் திருப்பிக் கொடுத்ததற்கும் கிடைத்த பெயர் அது.

இதே குடும்பத்தில் பிறந்தது அமானா. ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள் என்று பொருள். அது நம் கையில் இருக்கும், ஆனால் நமக்குச் சொந்தமில்லை. கேட்கும்போது குறையாமல் திருப்பித் தர வேண்டும். அரபியில் அமானா என்று முடியும் இந்தச் சொல், பாரசீகத்துக்குப் போனபோது கடைசியில் ஒரு தகர ஒலியைத் தக்க வைத்துக்கொண்டு அமானத் ஆனது. அந்த வடிவம்தான் கஜக மொழிக்கும் போனது, இந்தியாவுக்கும் வந்தது.

இன்று இந்தச் சொல் பல நாடுகளில் வேலை பார்க்கிறது. துருக்கியில் பேருந்து நிலையத்தில் பெட்டியை வைத்துவிட்டுப் போகும் அறைக்கு எமானெத் என்று பெயர். மலேசியாவில் யூனிட் டிரஸ்ட் முதலீட்டுத் திட்டத்துக்கு அமானா சஹாம் என்கிறார்கள். அங்கே உறவினர் இருக்கும் நம் குடியிருப்புக்காரர்கள் கேட்டிருப்பீர்கள்.

கஜக மொழியில் அமானத் என்பது இன்னும் கனமான சொல். முன்னோர் விட்டுச் சென்ற நிலம், மொழி, இறந்தவர் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போன வேண்டுகோள் எல்லாமே அமானத்தான். அமானத்துக்குக் கியானத் செய்யாதே என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. கியானத் என்றால் துரோகம். அதுவும் அரபுச் சொல்தான். ஒப்படைத்ததற்குத் துரோகம் செய்யாதே என்பது பொருள். இதே இரண்டு சொற்கள் வட இந்தியாவில் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் புழங்குகின்றன. நம்பிக்கை மோசடிக் குற்றத்தை அங்கே அமானத் மே கயானத் என்பார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 405 முதல் 409 வரையிலான பிரிவுகள், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 316 ஆவது பிரிவு. வங்கி ஊழியர்கள் 409 என்ற எண்ணைக் கேட்டாலே கொஞ்சம் நடுங்குவோம். வங்கியாளரும் அரசு ஊழியரும் நம்பிக்கை மோசடி செய்தால் ஆயுள் தண்டனை வரை கொடுக்க இடமுள்ள பிரிவு அது.

சரி, இப்படிப்பட்ட சொல்லை ஒரு குழந்தைக்கு ஏன் பெயராக வைக்கிறார்கள்?

கஜகர்கள் பெயர் வைப்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. குழந்தையின் காதில் பாங்கு சொல்லி, பெயரை மூன்று முறை சொல்வது வழக்கம். பழைய நாட்களில் பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில் அடுத்த பிள்ளைக்குத் துர்சின் என்று பெயர் வைப்பார்கள். இருக்கட்டும், நிலைக்கட்டும் என்று பொருள். நம் ஊரில் பிச்சை என்று பெயர் வைத்ததும் அதே பயத்தில்தான். பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால் உல்போல்சின், அதாவது பையனாகட்டும் என்று அந்தப் பெண்ணுக்கே பெயர் வைத்தார்கள். இதற்கும் நம் ஊரில் போதும்பொண்ணு இருக்கிறார்.

அமானத் என்ற பெயர் இந்தப் பயத்திலிருந்தும் ஆசையிலிருந்தும் ஒரு படி மேலே போகிறது. இந்தப் பிள்ளை எனக்குச் சொந்தமில்லை, இறைவன் என்னிடம் ஒப்படைத்தது, நான் காப்பாளன் மட்டுமே என்று பெற்றவர்கள் ஒப்புக்கொள்ளும் பெயர் அது. நம் தமிழில் இதற்கு நேரான சொல் அடைக்கலம். அடைக்கலம் என்று நம்மிடமும் ஆட்பெயர் உண்டு. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு பகுதி இருக்கிறது. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கிறார். பின்னால், ஒப்படைத்ததைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் விழுந்து உயிரை விடுகிறாள். அந்தச் சொல்லின் கனம் அவ்வளவு.

கஜகர்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. முதல் பேரப்பிள்ளையைத் தாத்தா பாட்டி தங்கள் பிள்ளையாகவே எடுத்து வளர்ப்பார்கள். அந்தக் குழந்தை தாத்தாவை அப்பா என்றே அழைப்பதும் உண்டு. ஒவ்வொருவரும் தன் ஏழு தலைமுறை முன்னோர் பெயரைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அவர்கள் மரபு. நம்மில் எத்தனை பேருக்கு நான்காவது தலைமுறை தெரியும் என்று வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள்.

அமானத்தின் உறவுப் பெயர்களும் அங்கே நிறைய. அமன் என்ற சொல் கஜகர்களின் அன்றாடச் சொல். சந்திக்கும்போது நலமா என்று கேட்பதே அந்தச் சொல்லை வைத்துத்தான். அமன்ஜோல் என்றால் நல்லபடியான பயணம். அமன்கெல்தி என்றால் பத்திரமாக வந்து சேர்ந்தான். அமன்கெல்தி இமானோவ் என்பவர் கஜக வரலாற்றில் பெரிய வீரர். 1873 ல் பிறந்தவர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916 ல், போர்முனைக்குப் பின்னால் கூலி வேலை செய்ய மத்திய ஆசிய மக்களைக் கட்டாயமாக அழைத்துப் போக ஜார் மன்னர் ஆணையிட்டபோது, தோர்காய் பகுதியில் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார். 1919 ல் கொல்லப்பட்டார். அவர் பெயரில் அமன், குடும்பப் பெயரில் இமான். ஒரே அரபு வேர் ஒரு மனிதரின் பெயரில் இரண்டு முறை. பாதுகாப்பு என்று பொருள்படும் பெயர் கொண்டவருக்குப் பாதுகாப்பான முடிவு கிடைக்கவில்லை.

இனி இந்தச் சொல்லின் கசப்பான பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

18 ஆம் நூற்றாண்டில் கஜகர்களின் சிறிய கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்தவர் அபுல்கைர் கான். கிழக்கிலிருந்து சுங்கார் படைகள் நெருக்கின. அவர் ரஷ்யப் பேரரசி அன்னாவின் பாதுகாப்பை நாடினார். 1731 ல் விசுவாச உறுதிமொழி எடுத்தார். ரஷ்யர்கள் உறுதிமொழியோடு நிற்கவில்லை. கான் வாக்கு மாறாமல் இருக்க அவர் மகனைத் தங்கள் பிடியில் வைத்துக்கொண்டார்கள். அப்படிப் பிடித்து வைக்கப்பட்ட பிள்ளைக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? அமானத். ரஷ்ய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பிணைக்கைதி என்றே பொருள் வந்துவிட்டது. அந்த மகனை விடுவித்து வேறொரு மகனை அனுப்ப அபுல்கைர் பல ஆண்டுகள் மன்றாடினார். ஓரன்பர்க் ஆளுநர் நெப்லூயெவுக்கும் அவருக்கும் பெரும் பகையே உண்டானது.

இதே சொல் காக்கசஸ் மலைப்பகுதியிலும் புழங்கியது. தாகெஸ்தானின் தலைவர் இமாம் ஷாமில் 1839 ல் ஒரு முற்றுகையின்போது தன் மூத்த மகன் ஜமாலுதீனை ரஷ்யர்களிடம் அமானத்தாகக் கொடுக்க நேர்ந்தது. சிறு பையன். அவன் ரஷ்யாவிலேயே வளர்ந்து ராணுவ அதிகாரியானான். 1855 ல் தந்தையிடம் திரும்பினான். இடையில் 16 ஆண்டுகள். தந்தையின் ஊர் அவனுக்கு அந்நியமாகிவிட்டிருந்தது. 1858 ல் காசநோயில் இறந்துபோனான்.

ஒரே சொல்தான். அன்போடு ஒப்படைத்தால் அடைக்கலம். மிரட்டிப் பிடித்து வைத்தால் பிணை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சோவியத் காலத்தில் கஜகப் பெயர்களுக்கு வேறு சோதனைகள் வந்தன. 1929 ல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாற்றினார்கள். 1940 ல் அதையும் விட்டு ரஷ்ய எழுத்துக்கு மாற்றினார்கள். தாத்தா எழுதியதைப் பேரன் படிக்க முடியாத நிலை. தந்தை பெயரோடு ஓவ், யெவ் என்ற ரஷ்ய விகுதி ஒட்டிக்கொண்டது. ஆனாலும் அமானத்தும் செரிக்கும் தவுலெத்தும் அழியவில்லை. எழுத்து மாறியது, பெயர் நின்றது. 1991 டிசம்பர் 16 ல் நாடு விடுதலை பெற்றது. 2022 மார்ச்சில் அங்கே ஆளும் கட்சி நூர் ஓதான் என்ற தன் பெயரை அமானத் என்று மாற்றிக்கொண்டது. மக்கள் ஒப்படைத்தது என்று காட்டும் பெயர். பெயர் வைப்பது எளிது. அதன்படி நடக்கிறார்களா என்பதை அந்நாட்டு மக்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது நான் ஏன் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வங்கியில் கம்ப்யூட்டர் கிடையாது. லெட்ஜர், வவுச்சர், டே புக்தான். சாயங்காலம் கணக்கு டேலி ஆகாமல் வீட்டுக்குப் போக முடியாது. யாருடைய பணம் என்று அன்றைக்குத் தெரியாத தொகையை ஒரு தனிக் கணக்கில் வைப்போம். ஆங்கிலத்தில் சஸ்பென்ஸ். தமிழில் அனாமத்துக் கணக்கு. அந்த அனாமத்து வேறொன்றுமில்லை, அமானத்தான். வாயில் உருண்டு மகரமும் னகரமும் இடம் மாறிவிட்டன. நவாப் காலத்து நிர்வாகத்திலிருந்து பாரசீக, உருதுச் சொற்கள் நம் கணக்குப் பிள்ளைகளின் ஏட்டில் ஏறியபோது இதுவும் ஏறியது. அரசாங்கமே நேரடியாக வரி வசூலித்த நிலத்துக்கு அமானி என்று பெயர். நீதிமன்றத்திலிருந்து ஜப்தி நோட்டீஸ் கொண்டுவருபவர் அமீனா. நம்பத்தகுந்தவர் என்ற அமீன்தான் இந்த அமீனா. நம் ஊரில் நம்பத்தகுந்தவரைக் கண்டுதான் எல்லோரும் பின்வாசல் வழியாக ஓடினார்கள்!

அனாமத்துக்கு நாம் செய்ததைப் பாருங்கள். நம்பி ஒப்படைத்தது என்ற பொருள் தேய்ந்து, கேட்பாரற்றது என்றாகிவிட்டது. அனாமத்தா கிடக்குது என்றால் நாதியற்றுக் கிடக்கிறது என்று அர்த்தம். கஜகர்கள் பிள்ளைக்கு வைக்கும் பெயரை நாம் தெருவோரம் கிடக்கும் ஸ்கூட்டருக்குச் சொல்கிறோம்.

ஆனால் எங்கள் கிளையில் ஒரு மூத்த கணக்காளர் இருந்தார். அனாமத்தில் ஒரு ரூபாய் இருந்தாலும் அது யாரோ ஒருவருடைய ரூபாய் என்பார். வவுச்சர் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, சொந்தக்காரர் கிடைக்கும் வரை விடமாட்டார். அவர் அரபி படித்தவர் இல்லை. ஆனால் அந்தச் சொல்லின் முதல் பொருளின்படி வாழ்ந்தவர்.

அவரை நினைத்துக்கொண்டு உங்களிடம் மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, பணம். 10 ஆண்டுகள் எந்த வரவு செலவும் இல்லாமல் கிடக்கும் டெபாசிட் தொகை ரிசர்வ் வங்கி 2014 ல் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். போனாலும் அது உங்கள் பணம்தான். உரிய ஆவணங்களோடு உங்கள் வங்கிக் கிளையில் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். தேடிப் பார்க்க உத்கம் என்ற இணையதளத்தை 2023 ல் ரிசர்வ் வங்கி தொடங்கியிருக்கிறது. இன்னொன்று, நாமினி என்பவர் சொந்தக்காரர் அல்ல. வாரிசுகளுக்காகப் பணத்தைப் பெற்று வைத்திருக்கும் காப்பாளர்தான். அதாவது அமானத்தாரர். அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோன எத்தனையோ வீடுகளை நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். நாமினி போடுங்கள், உயிலும் எழுதுங்கள், இரண்டின் வித்தியாசத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இரண்டு, நம் சங்கம். மாதச் சந்தாவும் கார்ப்பஸ் நிதியும் நிர்வாகிகளின் கையில் உள்ள அமானத். கணக்குக் கேட்பவரை எதிரியாகப் பார்க்கவும் வேண்டாம். கணக்கு வைத்திருப்பவரைத் திருடனாகப் பார்க்கவும் வேண்டாம். ஒப்படைத்தவருக்குக் கேட்கும் உரிமை உண்டு, ஏற்றவருக்குக் காட்டும் கடமை உண்டு. அவ்வளவுதான்.

மூன்று, பிள்ளைகள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இங்கே என் வயதுக்காரர்கள் பலருடைய பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். என் வீட்டிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். அப்போது நாம் என்ன பேசுகிறோம்? "எங்களை யார் பார்ப்பார்கள், நீ எங்களை விட்டுவிட்டாய்" என்று சொல்லிச் சொல்லி அவர்களை ரஷ்யக்காரர் சொன்ன அமானத்தாக, பிணையாக ஆக்கிவிடுகிறோமா? கஜகத் தாய் சொன்ன அமானத்தாக, கொஞ்ச காலம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டு, உலகத்துக்குத் திருப்பித் தர வேண்டியவர்களாக நினைக்கிறோமா? பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். வயதான பெற்றோரும் உங்களிடம் உள்ள அமானத். அனாமத்தாக விட்டுவிடாதீர்கள். வட்டி வேண்டாம். அசல் குறையாமல், முகம் கோணாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

 சுண்டல் ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.